சாமியைச் சிரிக்க வைத்த செங் ஹூட்

பினாங்கில் கருவாட்டுச் சந்துக்குள் போய், குவா செங் ஹூட் வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். சாமியைச் சிரிக்க வைத்தவர் வீடு எது என்று கேட்டால் ஓடுகிற கோழிகூட நின்று வழி காட்டும். ஊரார் இப்படிச் சொல்லக் கேட்டால் அவர் பெண்டாட்டி கெக் நியோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மட்டும் சொல்லலாம். அதைவிட மோசமாகவும் சொல்லலாம். கட்டிக்கொண்டவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எதற்குக் கல்யாணம்?

செங் ஹூட் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தபோது வயது பத்தொன்பது. நடுக்கடலில் வந்த காய்ச்சலில் உயிர் பிழைத்தது, மூக்கு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, வாசனைதான் தெரியாது. மல்லிகையும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்று. இப்படிப்பட்ட ஆள் கரையிறங்கி, தியோ எங் சுவான் என்பவரின் கருவாட்டுக் கடை வாசலில் போய் நின்று வேலை கேட்டார். எங் சுவானுக்குச் சந்தோஷத்தில் அழாத குறை. அதுவரை அந்தக் கடையில் எவனும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை.

எங் சுவானுக்கு ஒரே மகள், கெக் நியோ. ஆண் வாரிசு கிடையாது. அதனால் வருகிற மாப்பிள்ளை பெண் வீட்டோடு தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு தேநீர் குடித்தான். இரண்டாம் ஆள், காற்று வரும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னான். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு பேரையும் எங் சுவான் வழியனுப்பி விட்டார். அப்புறம் மாடிக்கு வந்து மகளிடம் சொன்னார்.

"கீழ ஒருத்தன் மூணு வருசமா சுறாக் கருவாட்டு மூட்டை மேலயே படுத்துத் தூங்குறான். ஒரு நாள் முகம் சுளிக்கல. அவனைக் கட்டிக்கிறியா?"

"அவருக்கு மூக்கு வேலை செய்யாதுப்பா."

"அதனாலதான் கேக்குறேன். இந்த வீட்டுக்கு வேற எந்த மூக்கு தாங்கும்?"

"நான் சமைச்சா அந்த வாசனையும் தெரியாதே."

"உன் சமையலுக்கு அது நல்லதுதாம்மா."

அவள் விளக்குமாற்றைத் தேடினாள். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கி ஓடினார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணத்தன்று எங் சுவான் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்கு அப்புறமும் எம் பேரு இந்தச் சந்துல இருக்கணும். உன்னால முடியுமா?" செங் ஹூட் தலையாட்டினார். ஒன்பது வருஷம் கழித்து எங் சுவான் கண்ணை மூடினார். அதற்குள் செங் ஹூட்டுக்கு மூன்று பெண்கள். மூன்றும் அப்பாவின் குவா குலப்பேரில் வளர்ந்தன. கல்யாணம் ஆனாலும் சீனப் பெண்ணுக்குக் குலப்பேர் மாறாது என்பதால், தியோ என்ற பேரோடு அந்த வீட்டில் மிச்சம் இருந்தது கெக் நியோ ஒருத்திதான்.

மாமனார் பேரைக் காப்பாற்ற செங் ஹூட்டுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. சந்துக்கோடியில் பெரியப்பா சாமி கோயில் இருக்கிறது. வருஷாவருஷம் சாமி பிறந்தநாளுக்குப் பங்கு கொடுக்கிறவர்களின் பேரைச் சிவப்புக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். செங் ஹூட் தன் பேருக்கு ஒரு பங்கும், செத்துப்போன மாமனார் பேருக்கு ஒரு பங்கும் கொடுத்து வந்தார்.

கெக் நியோ வருஷம் தவறாமல் சண்டை போட்டாள். "செத்தவருக்கு எதுக்குங்க பங்கு? விருந்துல வந்து பன்றி வறுவல் சாப்பிடப் போறாரா?"

"சொன்ன வார்த்தைக்காக."

"அந்தப் பங்குக்கு எனக்கு ஒரு அம்மிக்கல்லு வாங்கித் தந்திருக்கலாம். அவரும் சந்தோசப்பட்டிருப்பாரு. எங்கம்மா கேட்டும் அவரு வாங்கித் தரல."

இந்தச் சிவப்புக் காகிதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதிலிருந்துதான் அந்த வருஷத்துச் சட்டித் தலைவரைச் சாமி தேர்ந்தெடுப்பார். ஊதுபத்திச் சாம்பல் நிறைந்த வெண்கலச் சட்டி யார் வீட்டில் ஒரு வருஷம் இருக்கிறதோ அவர்தான் சட்டித் தலைவர். கோயில் சாவி அவரிடம். கோயில் மனையில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர் சரி என்று சொல்ல வேண்டும்.

தேர்வு நடப்பது இரண்டு கட்டைகளை வைத்து. பிறை நிலா மாதிரி வளைந்த மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் முதுகு. சாமி முன்னால் தரையில் போட்டால், ஒன்று தட்டையும் ஒன்று முதுகுமாக விழ வேண்டும். அப்படி விழுந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் முதுகைக் காட்டினால் வேண்டாம் என்கிறார். இரண்டும் தட்டையைக் காட்டினால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். பூசாரி ஒவ்வொரு பேராகப் படிப்பார். அந்தந்த ஆள் வந்து போடுவார். தொடர்ந்து அதிகம் சரி வாங்கியவர் சட்டித் தலைவர். வேண்டாம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் எழுந்து போக வேண்டியதுதான்.

செங் ஹூட் பத்தொன்பது வருஷம் போட்டார். பத்தொன்பது வருஷமும் முதல் போடலிலேயே சாமி சிரித்தார். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. சிரிப்பு, சிரிப்பு, வெறும் சிரிப்பு. கட்டையைக் கையில் எடுத்தாலே பின்வரிசையில் இருக்கிற கிழவிகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவரும் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சேர்ந்து சிரிப்பார். சிரிப்பு அவர் உதட்டோடு நின்றுவிடும் என்பது கெக் நியோவுக்குத் தெரியும். மாமனார் இருந்தவரைக்கும் அந்தச் சந்தில் அவர் வேலைக்காரன். மாமனார் போனபிறகு வீட்டோடு மாப்பிள்ளை. ஒரே ஒரு வருஷம் அந்தச் சட்டி தன் வீட்டில் இருந்தால் தானும் ஒரு ஆள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இதற்கு நடுவில் அவர் நகரசபை உறுப்பினராகவும் ஆகிவிட்டார். அது ஒரு நாய் செய்த வேலை. ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டு நாய் காணாமல் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து செங் ஹூட்டின் கடையில் கிடைத்தது. அவர் அதைத் துரத்தாமல் வஞ்சிரத் தலையாகப் போட்டு வளர்த்திருந்தார். அடையாளம் தெரியாத அளவுக்குக் கொழுத்திருந்த நாயைப் பார்த்துத் துரையம்மா கண்ணீர் விட்டாள். இப்படி ஓர் ஆள்தான் சீனர் சார்பில் நகரசபையில் உட்கார வேண்டும் என்று துரை எழுதிக் கொடுத்தார். பஞ்சாயத்துப் பேசுவது, இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நடுவில் போய் நிற்பது, பிணம் தூக்க ஆள் சேர்ப்பது என்று செங் ஹூட் இருபது வருஷமாகச் சந்துக்குச் செய்ததெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. நாய் பட்டது.

புதுக் கோட்டு தைத்து வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பின்னல் சடையைக் கோட்டுக்கு உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று அரைமணி நேரம் யோசித்தார். கெக் நியோ இடுப்பில் வாளியோடு வந்து நின்றாள்.

"கோட்டு நல்லாருக்கு. அங்க போயி என்ன செய்வீங்க?"

"உக்காருவோம். பேசுவோம்."

"அதைத்தான் கடையிலயும் செய்றீங்க. இங்க பாருங்க, நம்ம கிணத்துத் தண்ணி கடல் ஏறுனா உப்பு, இறங்குனா சேறு. மாட்டு வண்டித் தண்ணிக்கு விடிஞ்சதுலருந்து காத்துக் கிடக்கோம். அந்த மாடு பாதித் தண்ணிய வழியிலயே குடிச்சிட்டு வருது. வெள்ளைக்காரன் வீட்டுல குழாயத் திருகுனா தண்ணி கொட்டுதாமே. நம்ம சந்துக்கு ஒரு குழாய் கொண்டு வாங்க. இல்லேன்னா அந்தக் கோட்ட எனக்குக் குடுத்துடுங்க, சட்டி துடைக்கத் துணி இல்ல."

செங் ஹூட் போனார். உட்கார்ந்தார். பேசினார். என்ன பேசினாரோ, ஆறு மாதத்தில் ஒரு குழாய்க்கு உத்தரவு வாங்கிவிட்டார். ஆனால் குழாய் ஒன்று, கேட்கிற தெரு இரண்டு. பக்கத்துச் சுண்ணாம்புத் தெருக்காரர்களும் மனுப் போட்டிருந்தார்கள். எஞ்சினியர் துரை இரண்டு தெருவையும் நடந்து பார்த்தார். கருவாட்டுச் சந்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

"இந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு ஒட்டிக் கிடக்கிறது. காலியாக இருப்பது கோயில் முற்றத்தின் மூலை மட்டும். அந்த இடத்தை இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் குழாய் சுண்ணாம்புத் தெருவுக்கு," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அந்த வருஷத்துச் சட்டித் தலைவர் சியா பூ தியாம். சவப்பெட்டிக் கடைக்காரர். சந்தில் எல்லோரும் ஒருநாள் தன்னிடம் வந்துதான் ஆக வேண்டும் என்ற தைரியத்தில் யாரையும் மதிக்க மாட்டார். செங் ஹூட் போய்க் கேட்டபோது ஒரு பெட்டிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ் ஹூட்டு, அந்த மூலைக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா? டிராகனோட வாலு. அதைத் தோண்டச் சொல்றியா?"

"ஒரு முழம் ஆழந்தான் அண்ணே."

"உன் முதுகுல ஒரு முழம் தோண்டுனா சும்மா இருப்பியா? சரி, நான் ஏன் கெட்ட பேரு வாங்கணும். சாமியையே கேளு."

கேட்டார். சாமி சிரித்தார். மறுபடி கேட்டார். சிரித்தார். மூன்றாம் தடவை ஒரு கட்டை உருண்டு உருண்டு வாசற்படி வரைக்கும் போய்த் தட்டையைக் காட்டிப் படுத்துக்கொண்டு சிரித்தது. பூ தியாம் கையை விரித்துவிட்டார்.

மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்தைந்து நாள். சாமி பிறந்தநாள் அதற்கு மூன்று நாள் முன்னால். அன்றைக்குச் சட்டித் தலைவர் மாறுவார். புதுத் தலைவர் செங் ஹூட்டாக இருந்தால் குழாய் சந்துக்கு. பூ தியாமே திரும்பி வந்தால் சுண்ணாம்புத் தெருவுக்கு. இதைப் புரிந்துகொண்ட நிமிஷத்திலிருந்து செங் ஹூட்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

வீட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இரண்டிரண்டாகப் போட்டுப் பார்த்தார். தேங்காய் ஓடு போட்டார். ஆரஞ்சுத் தோலை இரண்டாகக் கிழித்துப் போட்டார். மட்டிச் சிப்பி போட்டார். மரச் செருப்பைப் போட்டதில் சமையலறைத் தரையில் இரண்டு கல் உடைந்தது. கடையில் ஒரு காய்ந்த நாக்கு மீன் ஜோடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாங்க வந்த மலாய்க்காரப் பெண் அதைத் தரம் பார்க்கும் முறை என்று நினைத்து, தானும் நான்கு மீனைத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதைப் போட்டாலும் மல்லாந்துதான் விழுந்தது. சாப்பிடும்போது இரண்டு மீன் உருண்டை கையிலிருந்து தவறி விழுந்தன. குனிந்து பார்த்து, "இதுவும் சிரிக்குது," என்றார்.

"உருண்டைக்கு ஏதுங்க முன்னும் பின்னும்?" என்றாள் கெக் நியோ.

"எனக்குத் தெரியுது."

அன்றைக்கு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆள் இளைத்துப் போயிருந்தார். இருபது வருஷம் ஊர் சிரித்ததைத் தாங்கியவர், குழாய் கைவிட்டுப் போனால் தாங்க மாட்டார் என்று தோன்றியது. அவளுக்கும் குழாய் வேண்டும். ராத்திரி கனவில்கூடத் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் முதலில் புருஷன் வேண்டும். அவர் இல்லாவிட்டால் யாரைத் திட்டுவது?

சாமி பிறந்தநாள் வந்தது. கோயில் முற்றத்தில் பந்தல், பட்டாசு, பன்றி வறுவல், புகை. வழக்கமாகக் கெக் நியோ அந்தப் பக்கம் போக மாட்டாள். கட்டை போடுவதெல்லாம் வேலையில்லாத ஆம்பிளைகள் பொழுதுபோக்கு என்பது அவள் கட்சி. விருந்துக்கு சம்பல் இடித்துக் கொடுப்பதோடு சரி. அன்றைக்கும் உரலில் மிளகாயும், ஊரையே தூக்கும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். கோயில் பக்கம் திடீரென்று அமைதியானது. பூசாரி பேர் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. உலக்கையைப் போட்டுவிட்டுக் கைகூடக் கழுவாமல் ஓடினாள். கழுவத் தண்ணீர் எங்கே இருந்தது?

அவள் போய்ச் சேர்ந்தபோது பூ தியாம் போட்டு முடித்திருந்தார். தொடர்ந்து ஆறு சரி. சந்தில் அதுவரை யாரும் ஐந்தைத் தாண்டியதில்லை. அவர் சாமி மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, தன் பெட்டிகளில் ஒன்று எழுந்து நிற்பதைப்போல நின்றிருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் போட்டுத் தோற்றார்கள்.

"குவா செங் ஹூட்!" என்றார் பூசாரி ஆ சோய்.

செங் ஹூட் மண்டியிட்டார். கோட்டுப் போட்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

கண்ணைத் திறக்கும் முன்னாலேயே சிரிப்பு கேட்டது. இருபதாவது வருஷம். முன்வரிசை சிரித்தது, பின்வரிசை சிரித்தது, பந்தல்காரன் ஏணியில் இருந்தபடியே சிரித்து, பிடி விட்டுப் போய்ப் பூச்சட்டி மேல் விழுந்தான். செங் ஹூட் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இந்தத் தடவை சேர்ந்து சிரிக்கவில்லை.

"முதலாளி, சுண்ணாம்புத் தெருவுல போயி வாளி புடிச்சுக்கலாம், கவலப்படாதீங்க!" என்று எவனோ கத்தினான்.

சிரிப்பு அடங்கும் முன்பே பூசாரி அடுத்த பேரைப் படித்தார். "தியோ எங் சுவான்!"

அந்தப் பேரை அவர் பதினைந்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். மூன்று தடவை கூப்பிடுவார், யாரும் வர மாட்டார்கள், தாண்டிப் போவார். குவா குலப்பேர்க்காரர் தியோ பேருக்குப் போட முடியாது. அந்தக் குலப்பேர் உள்ளவர்தான் வந்து போட வேண்டும்.

"தியோ எங் சுவான்!" என்றார் இரண்டாம் தடவை.

"இருக்கோம்," என்றாள் கெக் நியோ.

கூட்டம் விலகியது. கையெல்லாம் சிவப்புச் சம்பலோடு அவள் நேராக மேசைக்கு வந்தாள். பூ தியாம் குறுக்கே வந்தார்.

"தங்கச்சி, இது ஆம்பிளைங்க போடுறது."

"காகிதத்துல அப்படி எழுதியிருக்கா? பூசாரியய்யா, படிச்சுச் சொல்லுங்க."

பூசாரி காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "வீட்டாளு வந்து போடலாம்னுதான் இருக்கு."

"நான் அந்த வீட்டாளு. வழி விடுங்க."

அவளுக்குப் பிரார்த்தனையெல்லாம் வராது. உரலுக்குள் மிளகாய் போடுகிற மாதிரி கட்டையைப் போட்டாள். சரி. பொறுக்கிப் போட்டாள். சரி. மூன்று, நான்கு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஐந்து. பலகாரம் விற்கிற ஹூன் அக்கா தலையில் இருந்த தட்டை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். ஆறு! சந்தே ஒரே குரலில் கத்தியது. பட்டாசுக்காரன் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டான். அது வெடித்து முடியும் வரை எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஏழாவது. கட்டைகள் விழுந்தன. ஒன்று உடனே தட்டையைக் காட்டிப் படுத்தது. இன்னொன்று உருண்டது, சுற்றியது, பூ தியாமின் செருப்பில் போய் முட்டி, அதில் சாய்ந்தபடி விளிம்பில் நின்றது.

கூட்டம் கழுத்தை நீட்டியது.

"அசையாதீங்க!" என்றார் பூசாரி. சாய்ந்து நிற்கிற கட்டையை யாரும் தொடக்கூடாது. அது தானாக விழ வேண்டும்.

பூ தியாம் நின்றார். ஒரு காலில் முழு பாரம். நெற்றியில் வியர்வை. ஆண்கள் எல்லோரும் தரையில் குப்புறப் படுத்து, கட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். ஒருவர் முதுகுதான் என்றார். ஒருவர் தட்டைதான் என்றார். படுத்த நிலையிலேயே இரண்டு பேரும் ஒருவர் சடையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றாள் கெக் நியோ. அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு வரைக்கும் நிப்பேன்மா. பெட்டி செய்யிறவனுக்குப் பொறுமை உண்டு."

அவர் பொறுமைசாலிதான். ஆனால் கெக் நியோவின் இரண்டு கையிலும் புது மிளகாயும் பெலாச்சானும் அப்பியிருந்தன. கட்டிய கை அவர் மூக்குக்கு ஒரு சாண் கீழே இருந்தது. முதலில் அவர் மூக்கு நுனி துடித்தது. அப்புறம் கண் கலங்கியது. உதட்டைக் கடித்தார். பக்கத்தில் இருந்த பத்துப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். செங் ஹூட் ஒருவர்தான் ஒன்றும் புரியாமல், "ஏன் எல்லாரும் அழுறீங்க?" என்று கேட்டார்.

பூ தியாம் தும்மினார். சாமி மேசையில் இருந்த இரண்டு மெழுகுவர்த்தி அணைகிற மாதிரி தும்மல். கால் எகிறியது. கட்டை விழுந்தது.

முதுகு.

"ஏழு!"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் யாரைத் தூக்கினார்கள், யார் காலை மிதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. செங் ஹூட் பூசாரியைக் கட்டிக்கொண்டார். ஹூன் அக்கா கோயில் மணியை அடித்தாள். யாருடையதோ ஒரு வாத்து எல்லோர் தலைக்கு மேலும் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. காகிதத்தில் பாக்கியிருந்த மூன்று பேரும் அந்தச் சந்தடியிலேயே போட்டு, முதல் போடலிலேயே தோற்று, அவர்களும் வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

பூ தியாம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினார். "நிறுத்துங்க! ஜெயிச்சது யாரு? எங் சுவான். எங் சுவான் எங்க? செத்துப் பதினஞ்சு வருசமாச்சு! செத்தவன் எப்படிய்யா சட்டித் தலைவன்?"

"அவரு செத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நான்தானேய்யா பெட்டி வித்தேன்!"

"நல்ல பெட்டின்னு சொல்லித்தானே வித்தீங்க?" என்றாள் கெக் நியோ. "எங்கப்பா அதுல சௌகரியமா இருக்காருன்னுதானே இத்தனை வருசம் சொல்லிட்டிருந்தீங்க? சௌகரியமா இருக்கவரு ஒரு வருசம் தலைவரா இருந்தா என்ன குறைஞ்சிடும்?"

பூசாரி தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே கட்டையை எடுத்து, செத்தவர் தலைவராக இருக்கலாமா என்று சாமியைக் கேட்டுப் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று முதுகு. சரி. சட்டி எங் சுவான் வீட்டுக்குப் போக வேண்டியது, அவருக்குப் பதில் அவர் மகள் பேச வேண்டியது.

பூ தியாம் சாவியை நீட்டினார். கடைசி முயற்சியாக, "டிராகன் வாலு?" என்றார்.

"டிராகன் தண்ணியில வாழ்றதுதானே அண்ணே? வாலுல நாலு சொட்டு பட்டா குளுகுளுன்னு இருக்கும்."

"உம் புருசன் கேட்டப்ப சாமி மூணு தடவ சிரிச்சாரே?"

"சிரிச்சாரு. வேண்டாம்னு சொன்னாரா? சந்தோசத்துல சிரிச்சிருப்பாரு."

மூன்றாம் நாள் எஞ்சினியர் துரை வந்தார். இடத்தை எழுதிக் கொடுத்த காகிதத்தில் சட்டித் தலைவர் தியோ எங் சுவான் என்ற பேருக்குக் கீழே, அவருக்காக என்று கெக் நியோ கட்டைவிரல் ரேகை வைத்தாள். துரை, தலைவரை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவசரமா என்று செங் ஹூட் பணிவாகக் கேட்டார். அவசரமில்லை என்றார் துரை. நல்லது என்றார் செங் ஹூட்.

குழாய் திறக்கிற நாளில் சந்தே முற்றத்தில் நின்றது. வாளி, குடம், தகர டின், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, எல்லாம் வரிசையில். செங் ஹூட் கோட்டுப் போட்டு வந்து பேச்சுப் பேசினார். நகரசபைக்கு நன்றி, துரைக்கு நன்றி, நாய்க்கு நன்றி. பிறகு பித்தளைக் குழாயைத் திருகினார். ஒன்றும் வரவில்லை. இருமல் மாதிரி ஒரு சத்தம். இன்னும் திருகினார். ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. தொப்பி போய்ச் சாமி மேசையில் விழுந்தது. கோட்டு நனைந்தது, சடை நனைந்தது, அவர் மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் அப்படியே கிடந்து சிரிக்க ஆரம்பித்தார். பெண்கள் அவரைத் தாண்டிக்கொண்டு வாளியோடு ஓடினார்கள். பூ தியாம் எல்லோருக்கும் முன்னால் ஒரு குடத்தை நீட்டிக்கொண்டு நின்றார். மாட்டுவண்டித் தண்ணிக்காரனுக்கு அன்றைக்கே செங் ஹூட் கருவாட்டு மூட்டை ஏற்றுகிற வேலை போட்டுக் கொடுத்தார். மாட்டுக்குத்தான் புது வாசனை பிடிக்கவில்லை.

கெக் நியோ முதல் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து புருஷன் பக்கத்தில் வைத்தாள். கையை முக்கிக் கழுவினாள். அப்புறம் ஈரக் கையால் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள்.

"ஏங்க, நான் இத்தனை வருசம் கத்தியும் எங்கப்பா பேர ஏன் நீங்க வெட்டல?"

செங் ஹூட் சடையைப் பிழிந்தார். "மூக்கில்லாதவனுக்குப் பொண்ணு குடுத்தாருல்ல."

"அவ்வளவுதானா?"

"நல்ல பொண்ணாக் குடுத்தாருன்னு அவரு செத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

அவள் வாளியைத் தூக்கி மிச்சத் தண்ணீரையும் அவர் தலையில் கொட்டினாள். குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போனாள்.

செங் ஹூட் அதற்குப் பிறகு பதினாலு வருஷம் நகரசபையில் இருந்தார். சந்துக்கு இரண்டு விளக்குக் கம்பமும், மழைக்காலத்தில் கால் வழுக்காத ஒரு பாலமும் கொண்டுவந்தார். வருஷாவருஷம் கட்டை போட்டார். வருஷாவருஷம் சாமி சிரித்தார். மாமனார் பேருக்குப் பங்கு கொடுப்பதையும் நிறுத்தவில்லை. கெக் நியோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மிக்கல்லைப் பற்றிப் பேசினாள்.

அவர் எழுபத்தோராம் வயதில் தூக்கத்திலேயே போனார். பூ தியாமின் மகன் நல்ல மரத்தில் பெட்டி செய்து கொடுத்தான். ஏழாம் நாள் படையலில் கெக் நியோ அவருக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாடு வறுத்து, சோறு வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் குழாய்த் தண்ணீரும் வைத்தாள். படையல் முடிந்ததா என்று செத்தவரைக் கேட்க, இரண்டு காசைத் தரையில் போட்டுப் பார்ப்பது வழக்கம். மகள்கள் மூன்று பேரும் பின்னால் அழுதுகொண்டு நின்றார்கள். அவள் போட்டாள்.

இரண்டு காசும் தலைப் பக்கம் காட்டி விழுந்தன. சிரிப்பு.

பெரிய மகள் விக்கி விக்கி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கெக் நியோ காசைப் பொறுக்கிக்கொண்டு புருஷன் படத்தைப் பார்த்தாள்.

"சிரிச்சது போதும். மீனு ஆறுது. சாப்பிடுங்க."

மறுபடி போட்டாள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். சாப்பிட்டுவிட்டார். அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவக் குழாயடிக்குப் போனாள்.